யாரு பேருப்பா இது?

ராஜபாளையத்தில் ஆங்கிலப் பெயர்களுக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. ஜிம்மி, டாமி, சீசர், ராக்கி... தெருவுக்கு நாலு இருக்கும். எல்லாம் நாய்கள் :-)

இத்தனைக்கும் ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்திருக்கும் நாய் இனம் அது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். அந்த அசல் உள்ளூர் நாயை வாசலில் கட்டிப்போட்டு "ஜிம்மி, ஜிம்மி" என்று கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் இருக்கும் பையனுக்கு ராமசுப்பு, ரெங்கராஜ், குருசாமி, மாடசாமி என்று பெயர் இருக்கும்.

கொஞ்ச வருடமாக ஆங்கிலப் பெயர் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. ரியான், ஈத்தன், ஜெய்டன். ராஜபாளையத்தில் மட்டுமில்லை, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆண்டாள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே கதைதான். அந்த அளவுக்குத் துணியாதவர்கள் பாதி சமஸ்கிருதம், பாதி சத்தம் என்று ஏதோ ஒன்றை வைக்கிறார்கள். கடைசியில் 'ஷ்' அல்லது 'விக்' வந்தால் போதும்.

கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில். "மாடர்னா இருக்கணும், கூப்பிடச் சின்னதா இருக்கணும், நல்ல அர்த்தம் இருக்கணும்."

முதல் இரண்டும் ரசனை. அதில் சண்டை போட ஒன்றுமில்லை. மூன்றாவதில்தான் வில்லங்கம். அர்த்தம் பார்த்து வைத்தோம் என்கிறவர்கள் பார்ப்பது ஒரு பட்டியலை. இடது பக்கம் பெயர், நடுவில் எந்த மொழி, வலது பக்கம் அர்த்தம். வலது பக்கம் 'வெற்றி', 'ஒளி', 'ராஜா', 'கடவுளின் பரிசு' என்று எது இருந்தாலும் சந்தோஷம். அந்த மொழியைப் பேசுகிற ஒருத்தரையாவது வாழ்க்கையில் பார்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்கக் கூடாது.

ரியானை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 'சின்ன ராஜா' என்று போட்டிருக்கும். அயர்லாந்தில் அது ஒரு குடும்பப் பெயர். அதன் மூல அர்த்தம் என்ன என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. ரயான் என்று எழுதினால் விஷயமே வேறு, அது அரபிச் சொல், தாகம் தீர்ந்த செழிப்பைக் குறிப்பது. ஒரு எழுத்து தள்ளினால் ஒரு கண்டமே தள்ளிப்போகிறது. அது சரி, சின்ன ராஜாதான் வேண்டுமென்றால் ராஜபாளையத்தில் இருந்துகொண்டு அயர்லாந்துக்கு எதற்குப் போக வேண்டும்? சின்னராஜா என்று வைத்தால் வேலை முடிந்தது!

ஜெய்டனுக்குப் பட்டியலில் ஒரு எபிரேய அர்த்தம் இருக்கும். உண்மையில் ஏடன் என்ற பெயரோடு எதுகையாக ஒலிக்கட்டும் என்று அமெரிக்காவில் 1990களில் கிளம்பிய மோஸ்தர் அது. அங்கேயே அதற்குத் தாத்தா கிடையாது. இங்கே அப்பத்தா அதைச் 'சைத்தான்' என்று கூப்பிட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இதில் காமெடி என்னவென்றால், உண்மையான ஆங்கிலப் பெயர்களின் உண்மையான அர்த்தத்தைப் பார்த்தால் இவர்கள் ஒன்றைக்கூட வைக்க மாட்டார்கள். கேமரூன் என்றால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் கோணல் மூக்கு. கால்வின் என்றால் வழுக்கை. பால் என்றால் லத்தீனில் சின்னவன். டாமி என்கிற தாமஸ் என்றால் இரட்டையன். ஜிம்மி என்கிற ஜேம்ஸ், யாக்கோபு என்ற எபிரேயப் பெயரின் மருவல். அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்தவன் என்று பைபிளில் அதற்குக் கதை இருக்கிறது.

ஜார்ஜ்? கிரேக்க மொழியில் நிலத்தில் வேலை செய்பவன், அதாவது சம்சாரி. இங்கிலாந்தில் ஆறு ராஜாக்கள் வைத்துக்கொண்ட பெயர். டைலர் ஓடு வேய்கிறவர். மேசன் கொத்தனார். கார்ட்டர் வண்டிக்காரர். கூப்பர் மரப்பீப்பாய் செய்பவர். ஹண்டர் வேட்டைக்காரர். தொழிலாளியின் பெயரை அந்த ஊர்க்காரர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் கூச்சமில்லாமல் வைக்கிறார்கள்.

இங்கே? மாடசாமி என்று பெயர் இருந்தால் காலேஜில் சேர்ந்த முதல் வாரமே 'மேடி' ஆகிவிட வேண்டும். கருப்பசாமி 'கேஎஸ்' ஆகிவிடுவான். 'வில்லி' என்றால் சிரிப்பார்கள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரின் நடுவில் உட்கார்ந்திருப்பவனே ஒரு வேட்டைக்காரன்தான். வில்லி, கண்டன் என்று இரண்டு வேடர்கள். கண்டனைப் புலி கொன்றுவிட, வில்லி காட்டைத் திருத்தி ஊரை உண்டாக்கினான் என்கிறது தல புராணம். முன்னால் ஒரு ஸ்ரீ போட்டு ஆயிரம் வருடத்துக்கு மேலாக அந்த வேடன் பெயரைத்தான் ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு ஹண்டர் என்றால் ஸ்டைல், வில்லி என்றால் கேலியா?

அடுத்த கூத்து எண் கணிதம்.

பையனுக்குப் பெயர் வைத்தாயிற்று. கூட்டுத்தொகை சரியில்லையாம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு 'ஹெச்' சேர்க்க வேண்டும், அல்லது ஒரு 'ஏ'யை இரண்டாக்க வேண்டும். இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கீரோ என்று புனைபெயர் வைத்துக்கொண்ட அயர்லாந்துக்காரர். 1866-இல் பிறந்தவர், கைரேகை பார்த்துப் பிரபலமானவர். அவர் எண் கொடுத்தது ஆங்கில எழுத்துகளுக்கு. தமிழில் இருக்கும் 247 எழுத்துகளில் ஒன்றுக்குக்கூட அந்த அட்டவணையில் இடமில்லை. ஆக, தமிழ்க் குழந்தையின் தலையெழுத்து இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் இருக்கிறது என்று நம்பி, அதற்குப் பணமும் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

பெயரும் காசும் சம்பந்தப்பட்ட இந்த விவகாரத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே திட்டித் தீர்த்துவிட்டார். பெரியாழ்வார். அவருடைய திருமொழியில் நாலாம் பத்து, ஆறாம் திருமொழி முழுக்கப் பிள்ளைக்குப் பெயர் வைப்பதைப் பற்றித்தான். பத்துப் பாட்டு. காசுக்கும் துணிமணிக்கும் ஆசைப்பட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ட பெயரை வைக்கிறவர்களை வாங்கு வாங்கென்று வாங்குகிறார். நாராயணன் பெயரை வையுங்கள், அந்தப் பிள்ளையைப் பெற்றவளுக்கு நரகம் கிடையாது என்பது அவர் கட்சி.

பெருமாள் பக்தி இல்லாதவர்கள் அந்தக் கட்சியில் சேர வேண்டாம். ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். கேசவன் என்றால் என்ன அர்த்தம், எந்த மொழி, எத்தனை எழுத்து என்பதில்லை அவர் பிரச்சினை. அது யாருடைய பெயர் என்பதுதான். அவர் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு பெயர் வைத்தார்கள். இப்போது காசு கொடுத்துப் பெயர் வைக்கிறார்கள். அவ்வளவுதான் முன்னேற்றம்!

ஊருக்குள் இன்றும் வயதானவர்கள் பிள்ளையைப் பார்த்ததும் கேட்பது அதையேதான். "பேரு என்ன?" சொன்னதும் அடுத்த கேள்வி, "யாரு பேருப்பா இது?" தாத்தா பேரு, பூட்டன் பேரு, குலசாமி பேரு, நேர்த்திக்கடன் வைத்த கோயில் பேரு என்று ஏதாவது பதில் வரும். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி என்றால் பெயர்த்தி. உறவுக்கே பெயரை வைத்துப் பெயர் சூட்டிய மொழி இது.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இருந்ததால், தாத்தா பெயர் வைத்த பையனைப் பெற்ற தாயே 'ராசா', 'ஐயா', 'சாமி' என்று கூப்பிட்ட வீடுகள் எத்தனையோ. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், அம்மாவுக்கு ஒரு பெயர். அந்த வழக்கத்தில் இருக்கிற ஆண் அதிகாரத்தைத் தாராளமாகத் திட்டலாம். ஆனால் அந்தப் பையனுக்குத் தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

விருதுநகரில் 1903-இல் பிறந்த ஒரு பையனுக்குக் குலதெய்வத்தின் பெயரை அப்படியே 'காமாட்சி' என்று வைத்தார்கள். அம்மா கூப்பிட்டது 'ராஜா'. இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. பட்டியலில் தேடினால் காமாட்சி பெண்பால் என்றுதான் இருக்கும். அதனால் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. ராஜபாளையத்து ராஜு சமூகத்தில் குடும்பப் பெயர் முன்னெழுத்தில் இருக்கும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவின் 'பி', பூசபாடி என்ற குடும்பப் பெயர். ஒரு எழுத்துக்குள் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். அதைத் தாண்டிப் போகக் கூடாது.

"உங்க தாத்தா பேரைப் பெருமையா சொல்லலாம். எங்க தாத்தாவை ஊர்க்காரன் எப்படிக் கூப்பிட்டான் தெரியுமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மரியாதையான பெயர் வைத்துக்கொள்ளவே விடாமல், வைத்ததையும் சிதைத்துக் கூப்பிட்ட ஊர்கள் உண்டு. பெயரைச் சொன்னாலே இன்ன தெரு என்று கண்டுபிடித்து, தம்ளரை மாற்றிய ஊர்கள் உண்டு. அதனால்தான் 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்னது. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலானவர்கள் பெயருக்குப் பின்னால் வால் இல்லாமல் நடமாட முடிகிறது என்றால் அதற்கு அப்படிப்பட்ட முடிவுகளும் ஒரு காரணம்.

இந்த மாவட்டத்துக்கே இதில் ஒரு காயம் இருக்கிறது. 1997-இல் விருதுநகர் மாவட்டத்துக்கான அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் படைத்தளபதி, தேவேந்திரகுலத்தவர். அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. தென் மாவட்டங்களில் கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் என்று இருந்தது விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். சுந்தரலிங்கம் என்ற சொல்லின் அர்த்தம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் பிரச்சினையாக இருக்கவில்லை. அழகிய லிங்கம், அவ்வளவுதான். யாருடைய பெயர் என்பதுதான் பிரச்சினை.

ஆகவே, தாத்தாவின் பெயர் அவமானத்தின் அடையாளமாக இருந்தால் அதைத் தூக்கிப் போட ஒருவருக்கு முழு உரிமை உண்டு. அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. சாதி தெரியாத பெயர் வேண்டும் என்று நினைப்பதிலும் தப்பில்லை. ஆனால் அதற்கு மருந்து ஜெய்டனா? பையன் பெயரைக் கேட்டு சாதி தெரியவில்லை என்றால் அப்பா பெயரைக் கேட்பான். அதுவும் தெரியவில்லை என்றால் எந்தத் தெரு என்பான். சாதி பார்க்கிறவனுக்குக் கூச்சம் கிடையாது. ஒளிந்துகொள்ள ஒரு பெயர் என்பதைவிட, நிமிர்ந்து நிற்க ஒரு பெயர் நல்லதில்லையா? பிறந்த பிள்ளைக்குச் சுந்தரலிங்கம் என்று வைப்பவருக்கு இருக்கும் தைரியம், பட்டியலில் தேடுகிறவருக்கு வராது.

"அப்போ ஆங்கிலப் பெயரே கூடாதா, தமிழ்வெறியா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை. ஆங்கிலப் பெயரை எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டம். அங்கே பென்னிகுக் என்று பெயர் வைக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. ஜான் பென்னிகுக் 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த இங்கிலாந்து எஞ்சினியர். பெனிக்குயிக் என்பது ஸ்காட்லாந்தில் ஒரு ஊர், குயில் மலை என்று அர்த்தம் சொல்வார்கள். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு அந்தக் குயிலும் தெரியாது, மலையும் தெரியாது. அவருக்கு அந்தப் பெயரின் அர்த்தம் தண்ணீர். அவர் பிறந்த ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறார்கள். பட்டியலுக்குத் தெரியாத அர்த்தம் அது.

கென்னடியைப் பாருங்கள். ஐரிஷ் மொழியில் அவலட்சணமான தலை என்று ஒரு அர்த்தம், தலைக்கவசம் போட்டவன் என்று இன்னொரு அர்த்தம். 1963-இல் அமெரிக்க அதிபர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் எத்தனை கென்னடிகள்! ஒருவர்கூட அகராதி பார்த்து வைக்கவில்லை. ஸ்டாலின் என்பதில் இருப்பது உருக்கு என்ற ரஷ்யச் சொல். ஆனால் 1953 மார்ச்சில் பிறந்த பிள்ளைக்குக் கருணாநிதி அதை வைத்தது உருக்கு வியாபாரத்துக்காக இல்லை. லெனின், போஸ், காந்தி, நேரு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

கிறிஸ்தவர்கள் இன்னும் அழகாகச் செய்தார்கள். பால் என்றால் சின்னவன் என்று தெரிந்து 'சின்னப்பன்' ஆக்கினார்கள். யோவானில் கடவுளின் அருள் இருக்கிறது என்று 'அருளப்பன்' ஆக்கினார்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியில் ஜோசப்பை 'வளன்' என்றார். பெருகுதல் என்பது அந்த எபிரேயப் பெயரின் பொருள். அர்த்தம் பார்ப்பது என்றால் அதுதான் அர்த்தம் பார்ப்பது. எங்கிருந்தோ வந்த பாதிரியார் வெளிநாட்டுப் பெயரை உள்ளூர் ஆக்கினார். உள்ளூரில் பிறந்தவர்கள் உள்ளூர்ப் பெயரை எந்த ஊரும் இல்லாததாக ஆக்குகிறார்கள்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் தமிழ்ப் புத்தகத்தில் 'குட்வில்'லுக்கு என்ன சொல்? நற்பெயர். ஒரு வியாபாரம் பல வருடம் நேர்மையாக நடந்து சேர்த்து வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத சொத்து. தானாகச் சேர்த்த நற்பெயரை ஏட்டில் சொத்தாகக் காட்ட முடியாது, காசு கொடுத்து வாங்கியதைத்தான் காட்டலாம் என்பது விதி. பெற்றோர்களும் அந்த விதியைத் தவறான இடத்தில் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பெயருக்கு மட்டும்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள். தாத்தா நாற்பது வருடம் மில்லில் வேலை பார்த்து, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்து, தெருவில் சேர்த்து வைத்த பெயருக்கு ஏட்டில் இடமில்லை.

வியாபாரிகள் இதில் விவரம். 1957-இல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனி 2013-இல் பெயர் மாற்றியபோது, புதுசாக ஒன்றைத் தேடவில்லை. மூட்டையில் ஜனங்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகிய ராம்கோ என்ற பெயரையே வைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கினார்கள். வேறு ஊரில் கிண்டிய பால்கோவா அந்தப் பெயரில் விற்கக் கூடாது. ஒரு இனிப்புக்கு எந்த ஊர், யாருடையது என்று இவ்வளவு அக்கறை. பிள்ளைக்கு மட்டும் எந்த ஊர் என்றே தெரியாத பெயரா?

பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைச் சேர்க்க ஒரு வருடம் வரைக்கும் கட்டணம்கூட இல்லை. அவசரப்பட வேண்டியதில்லை. அந்த ஒரு வருடத்தில் பட்டியலை மூடி வைத்துவிட்டு வீட்டில் இருக்கிற அப்பத்தாவிடமோ அவ்வாவிடமோ ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசுங்கள். குடும்பத்தில் யார் யார் இருந்தார்கள், யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஒருவர்கூடத் தேறவில்லை என்றால் வெளியே பாருங்கள். அணை கட்டியவர், பள்ளிக்கூடம் திறந்தவர், நியாயத்துக்காக நின்றவர் என்று யாராவது கிடைப்பார்கள். அவர் தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. காமாட்சி ஞாபகம் இருக்கிறதல்லவா?

பையன் வளர்ந்து ஒரு நாள் "எனக்கு ஏன் இந்தப் பேரு வச்சீங்க?" என்று கேட்பான். "கூட்டினா அஞ்சு வந்துச்சுடா" என்று சொல்லப் போகிறீர்களா, இல்லை அவனை உட்கார வைத்து ஒரு ஆளின் கதையைச் சொல்லப் போகிறீர்களா?

நாய்க்கு ஜிம்மியே இருக்கட்டும். அது கேட்காது.